தோட்டத்தில் தானே முளைக்கும் செடிகளை உண்ணலாமா?

விதைத்த விதை முளைப்பதற்கு முன் விதையாத செடிகள் முளைத்துவிடுவது நம் தோட்டங்களின் இயல்பு. ஆடி, ஆவணி மாதங்களில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால், திருவண்ணாமலை, செங்கம், கலசபாக்கம், போளூர் ஆகிய பகுதிகளில் உள்ள கிணற்றடிக் கொல்லைகளில் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் இருபதுக்குக் குறையாத வகைச் செடிகளை எண்ணலாம். அவற்றுள் சில கீரை, சில மருந்து, சில ஆடுமாடுகளுக்குத் தீனி, சில விஷம். இன்னது இன்னதென்று பிரித்தறியும் ஞானம் முற்காலத்தில் கிராமத்துப் பெண்மக்களில் பெரும்பாலோரிடம் இருந்தது. இப்பொழுது அது குறைந்துவருகிறது. தானே முளைக்கும் கீரைகளுக்குச் சத்து மிகுதி என்னும் பேச்சோ நாளுக்கு நாள் பரவிவருகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதனால் விளையக்கூடிய தீங்கைக் குறித்து நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் சற்று ஆலோசிக்க வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செடியின் பெயரை அறிவது வேறு, அதை உண்ண அறிவது வேறு. எந்த உறுப்பு, எந்தப் பருவத்தில், என்ன பக்குவத்தில், எவ்வளவு என்னும் இந்நான்கும் தெரியாத இடத்தில் பெயர் மாத்திரம் தெரிந்து பிரயோஜனமில்லை. இந்நான்கையும் அறிந்தவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவைச் செடியின் மாதிரியோடு சேர்த்துக் கிராமந்தோறும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைப் பிற்காலத்திற்கு ஒத்திவைக்க முடியாது.

அவர்கள் யார் என்று கேட்டால், நம் நிலங்களில் களை பறிக்கும் பெண்களே. மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும்பொழுது அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போகும் கலவைக்கீரையை நிலக்காரர் பலரும் பார்த்திருப்பர். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் சிலரே. குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, பிண்ணாக்குக்கீரை, மூக்கிரட்டை, முடக்கத்தான், முசுமுசுக்கை, தூதுவளை என்று அந்த மடியில் பத்து வகை இருக்கும். இலைநுனியில் சிறு வெட்டு விழுந்திருப்பது குப்பைக்கீரை என்பதும், பண்ணைக்கீரையைப் பூக்கதிர் விடுவதற்கு முன் பறிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததன்று. தாயுடன் வரப்பில் நடந்து கற்றுக்கொண்டது. இவ்வூரின் அண்மைக்காலச் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷி குகையில் தங்கியிருந்த காலத்தில், அம்மலையில் வசித்த ஒரு மூதாட்டி மலைச்சரிவில் கிடைக்கும் தழைகளைப் பறித்துச் சமைத்து அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அவளுடைய சொந்தப் பெயரை ஒருவரும் நினைவில் கொள்ளவில்லை. கீரைப்பாட்டி என்றே இன்றுவரை வழங்குகிறது. அதே மலையில் எட்டியும் கண்வலிக்கிழங்கும் முளைக்கின்றன. அவற்றை நீக்கி உணவாவதை மாத்திரம் எடுக்கும் கண் அவளுக்கு இருந்தது.

அந்தக் கண் பழகுவதற்கு இடமான களையெடுப்பு வேலையே இப்பொழுது சுருங்கிவிட்டது. களைக்கொல்லி மருந்து தெளிப்பது கூலியாட்களை அமர்த்துவதைவிட மலிவாகவும் எளிதாகவும் இருப்பதால், நிலக்காரர் அதை நாடுவதில் ஆச்சரியமில்லை. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் மருந்து தெளித்த கொல்லையில் மறுநாள் வழக்கம்போல் ஒருத்தி கீரை பறிக்க வந்தால், அவள் பறிப்பது நல்ல குப்பைக்கீரையாகவே இருந்தாலும் அது உணவாகாது. தெளித்த நிலத்தின் வரப்பில் ஒரு வேப்பங்கொத்தோ சிவப்புத் துணியோ நட்டுவைத்து, தெரியும்படி நாலு பேரிடம் சொல்லிவைப்பது நிலமுடையவரின் கடமை. சாக்கடை நீர் பாயும் இடத்திலும், வாகனங்கள் ஓயாது செல்லும் பெருஞ்சாலை ஓரத்திலும் முளைத்த கீரைக்கும் இதுவே நியாயம். செடி குற்றமற்றதாயினும் நிலம் அதைக் கெடுத்துவிடும்.

இனிப் பெயர்களைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நம் முன்னோர் செடிகளுக்குப் பெயரிட்ட முறையிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. சுரைக்குப் பேய்ச்சுரை, பீர்க்குக்குப் பேய்ப்பீர்க்கு, புடலுக்குப் பேய்ப்புடல், கொம்மட்டிக்குப் பேய்க்கொம்மட்டி என்று, உண்ணும் காயைப் போன்றே தோன்றி உண்ணத் தகாததாக இருப்பதற்குப் பேய் என்னும் அடைமொழியைச் சேர்த்தார்கள். கறிக்கு ஆகும் வேளையை நல்லவேளை என்றும், அதைப்போன்ற மற்றொன்றை நாய்வேளை என்றும் பிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததற்குச் சீமை என்னும் அடைமொழி. ஊருக்குள் பயிராகாததற்குக் காடு என்னும் அடைமொழி. இவை வெறும் அலங்காரமல்ல. ‘காட்டு’ என்றோ ‘பேய்’ என்றோ தொடங்கும் பெயரைக் கேட்டவுடன் கை நிற்க வேண்டும் என்பதே கருத்து.

ஆயினும் இப்பெயர்களை மாத்திரம் நம்பிவிடவும் கூடாது. ஒரே பெயர் ஒரு தாலுகாவில் ஒரு செடிக்கும் அடுத்த தாலுகாவில் வேறொன்றுக்கும் வழங்குவது உண்டு. ஒரே செடிக்கு நான்கு பெயர்கள் இருப்பதும் உண்டு. செங்காந்தளைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் இதற்குக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் பெயர்கள் உள்ளன. இலங்கையில் கார்த்திகைப்பூ என்பார்கள். மழைக்காலத்தில் வேலிகளிலும் மலையடிவாரத்துப் புதர்களிலும் படர்ந்து, தீச்சுடர் போன்ற பூக்களால் வழிப்போக்கரை நிற்கச்செய்யும் கொடி இது. பூவுள்ள நாளில் இதை எவரும் தவறாக எடுக்கமாட்டார்கள். கொடி காய்ந்து மறைந்தபின், மண்ணைக் கிளறும்பொழுது வெளிப்படும் கிழங்கில்தான் ஆபத்து. சர்க்கரைவள்ளிக் கிழங்கென்றும் காட்டு வள்ளியென்றும் எண்ணி இதைச் சமைத்து உண்டு மாண்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். இதன் விஷமாகிய கோல்ச்சிசின், உண்டவுடன் அடையாளம் காட்டுவதில்லை. சில மணி நேரம் கழிந்தபின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்தபின் இரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜையும் மற்ற உறுப்புகளும் கெடும். பிழைத்தவருக்கும் வாரக்கணக்கில் தலைமயிர் உதிரும். உண்டு அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, ஆகையால் நல்ல கிழங்குதான் என்று முடிவு செய்பவர், அந்த முடிவைத் தம் பிள்ளைகளின் தட்டிலும் வைத்துவிடுவார்.

இதை அறிவதற்கு நிச்சயமான அடையாளங்கள் இரண்டு உண்டு. இலையின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பி போல் அடுத்த செடியைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கொடி எதிலும் இவ்வாறு இராது. கிழங்கு கலப்பையைப் போல் இரு கிளையாக வளைந்திருக்கும். ஆனால் நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. இலையும் பூவும் இல்லாத வெறுங்கிழங்கை வைத்துக்கொண்டு இது இன்னதென்று தீர்மானிக்கவே கூடாது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் ஜில்லாக்களில் இதன் விதைக்காக இதைப் பந்தல் போட்டுப் பயிரிட்டு, மருந்துத் தொழிலுக்கு விற்றுப் பொருளீட்டுகிறார்கள். அவ்வாறு பயிரிட்டுவிட்டு நிறுத்திய நிலத்தில் மிஞ்சிய கிழங்குகள் மறுபடியும் முளைக்கும் என்பதைப் பின்னால் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவருக்குச் சொல்லிவிடுதல் நன்று.

செடி ஒன்றேயாயினும் பருவத்தால் உணவும் விஷமுமாக மாறுவது விவசாயிகளுக்குப் புதிய செய்தியன்று. மழையின்றி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் மாட்டை விட்டால் என்ன ஆகும் என்பதைச் சோளம் பயிரிடும் ஒவ்வொருவரும் அறிவர். அந்தச் சோளமே முற்றியபின் தட்டையாகி மாட்டுக்கும், தானியமாகி மனிதருக்கும் உணவாகிறது. இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்லும் அதே வகை விஷம் மரவள்ளிக் கிழங்கிலும் இருப்பதனால்தான், தோலை உரித்து, நறுக்கி, நிறைந்த நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவது வழக்கமாயிற்று. கருணைக்கிழங்கைப் புளியுடன் சமைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். ஜவ்வாது மலையில் வாழும் மலைமக்கள் கவலைக்கிழங்கு, நூரைக்கிழங்கு முதலியவற்றைத் தோண்டி உண்கிறார்கள். இந்தியாவின் வேறு மலைகளில் சில காட்டுக்கிழங்குகளை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஓடும் நீரில் நெடுநேரம் வைத்துக் கழுவிய பின்னரே உண்கிறார்கள். பெயரை மட்டும் கேட்டறிந்து, கழுவும் முறையைக் கேளாமல் திரும்பியவர் பாதியைத்தான் கற்றிருக்கிறார். உயிருக்கு ஆபத்து மற்றப் பாதியில்.

பெயர் தெரியாத செடியைச் சோதிப்பதற்கென்று சில வழிகளை மக்கள் சொல்லுவதுண்டு. அவற்றுள் மிகவும் பரவியது, ஆடு தின்றால் மனிதனும் தின்னலாம் என்பது. ஆடு தொடாத காரணத்தாலேயே ஆடாதோடை என்று பெயர் பெற்ற செடியின் இலையை நாம் இருமலுக்குக் கஷாயமிட்டுக் குடிக்கிறோம். இருவாய்ச்சிப் பறவை எட்டிப்பழத்தை உண்டு சுகமாய்ப் பறந்துபோகிறது. அதன் விதையை மனிதன் கடித்தால் பிழைப்பதரிது. பிராணிகளின் வயிறும் நம் வயிறும் ஒன்றல்ல. கசப்பானதெல்லாம் விஷம், கசப்பில்லாதது உணவு என்பது மற்றொரு விதி. பாகலும் சுண்டையும் கசக்கின்றன. காட்டாமணக்கு விதையோ நிலக்கடலை போல் ருசியாகவே இருக்கும். வெட்டினால் பால் வடிவது விஷம் என்பார் சிலர். எருக்கு, கள்ளி இவற்றை நோக்க இது உண்மையே. பலாவும் அத்தியும் பப்பாளியும் பால் உள்ளவைதாமே என்றால் அவர்களிடம் பதில் இல்லை. இருந்தாலும் பால் வடியும் புதுச்செடியைக் கண்டால் விலகியிருப்பதில் நஷ்டமொன்றும் இல்லை என்பதால், இவ்வொரு விதியை மாத்திரம் ஓரளவு ஆதரிக்கலாம்.

கொதிக்கவைத்தால் விஷம் போய்விடும் என்பதே இவை எல்லாவற்றிலும் கொடிய தவறு. சில விஷங்கள் கொதிநீரில் கரைந்து போகும், பல போகா. நம் ஜில்லாவின் வறண்ட குன்றுகளில் சாதாரணமாகக் காணப்படும் ஒடுவன் மரத்தின் தழை இதற்குச் சாட்சி. பார்வைக்கு எவ்வித அச்சமும் தராத இத்தழையால் நேர்ந்த துன்பங்களைக் குறித்து வேலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள வைத்தியசாலைகளின் மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகின்றனர். சிறுநீரகமும் இதயமும் கெடும். இதற்கென்று முறிமருந்து இல்லை. ஒடுவந்தழை என்னும் பெயர் நம் ஊர்ப் பெரியோருக்கு நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்குத் தெரியாது.

கசப்பைப் பற்றிச் சொன்னதில் ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்வது அவசியம். கசக்கக் கூடாத காய் கசந்தால் அதை ஒரு கவளம்கூட உண்ணலாகாது. தோட்டத்தில் நம் கையால் நட்ட சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் சில சமயம் ஒரு கொடி மாத்திரம் கடுங்கசப்பான காய் காய்க்கும். அருகில் பேய்ச்சுரை படர்ந்திருந்தால் மகரந்தம் கலந்து, அந்தக் காயிலிருந்து எடுத்த விதை மறுவருஷம் கசப்பாகக் காய்ப்பதுண்டு. சுரைக்காய்ச் சாறு உடம்புக்கு நல்லதென்று நம்பி, கசப்பையும் பொருட்படுத்தாமல் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. இதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த தன் அறிக்கையில், கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாதென்று கூறியது. அக்காய் பெயர் தெரியாத செடியில் காய்த்ததன்று, உலகறிந்த சுரை. பெயர் சரியாக இருந்தும் காய் தகாததாயிற்று. அத்தகைய கொடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதன் விதையை எடுக்கக் கூடாது, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது.

திருவண்ணாமலையைப் பொறுத்தமட்டில் மற்றொரு விசேஷம் உண்டு. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையைச் சுற்றி வெளியூராரும் வெளிநாட்டாரும் வந்து வீடுகட்டித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். நாற்றங்கால் கடைகளிலிருந்து அழகுக்காக வாங்கி நடப்படும் செடிகளுக்குப் பெரும்பாலும் தமிழ்ப் பெயரே கிடையாது. ஆகவே, முன்னே சொன்ன பேயும் காடும் நம்மை எச்சரிக்க வரமாட்டா. வேலியோரம் நடும் பொன்னரளியின் கொட்டை இதயத்தைத் தாக்கும் விஷம் என்பதும், பெரிய புள்ளி இலைகளோடு தொட்டியில் வளர்க்கும் டிஃபன்பாக்கியாவின் தண்டைக் கடித்தால் நாவும் தொண்டையும் வீங்கும் என்பதும் விற்பவருக்கே தெரிவதில்லை. கோயில் நந்தவனத்தில் வளர்வதனால் ஒரு செடி தூயது, ஆகவே தீங்கற்றது என்று எண்ணுவதும் பொருந்தாது. சிவபெருமானுக்கு உகந்தவையாகச் சொல்லப்படும் எருக்கும் ஊமத்தையும் அரளியும் மனிதர் வாய்க்கு ஏற்றவையல்ல.

இவற்றோடு காட்டாமணக்கையும் சேர்க்க வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், இதன் விதையிலிருந்து வண்டிகளுக்கு எரிபொருள் எடுக்கலாம் என்று மத்திய ஸர்க்காரும் மாநில ஸர்க்காரும் ஊக்கமளித்ததனால் மானாவாரி நிலங்களில் ஏராளமாக நடப்பட்டது. எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்கவில்லை, நட்டவர்கள் கைவிட்டார்கள். செடிகள் வேலிகளிலும் புறம்போக்கிலும் இன்னும் நிற்கின்றன. பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் காயை உடைத்து விதையைத் தின்றுவிட்டு, கூட்டமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வருஷந்தோறும் எங்கிருந்தேனும் வருகிறது. பள்ளிச் சுவரை ஒட்டிய காட்டாமணக்கையும், வேலியில் படரும் குன்றிமணியையும் அகற்றுவது பஞ்சாயத்துக்கு ஒரு நாள் வேலை.

கைப்பேசியில் படம் பிடித்துச் செடியின் பெயரைக் கேட்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. அது பயனற்றதென்று சொல்லமாட்டேன். பூவும் காயும் தெளிவாகத் தெரியும் படத்திற்குப் பல சமயம் சரியான விடை கிடைக்கிறது. இளநாற்றின் இரண்டு இலையைக் காட்டினாலும் அக்கருவி தயங்காமல் ஒரு பெயர் சொல்லிவிடும் என்பதுதான் தொல்லை. அயல்நாட்டார் எழுதியதையே அது பெரிதும் பின்பற்றுவதால் வேறொரு குழப்பமும் நேர்கிறது. நம் மணத்தக்காளியின் படத்தைக் காட்டினால் அதன் இனம் விஷமுள்ளதென்று எச்சரிக்கை வருவதுண்டு. ஐரோப்பாவில் பெல்லடோனா என்னும் கொடிய செடி ஒன்று உளது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே பெயர் வழங்குவதே இதற்குக் காரணம். பெல்லடோனா நம் சமவெளியில் வளர்வதில்லை. அதன் பூ தனித்தனியாக மணியைப் போல் தொங்கும். மணத்தக்காளியின் பூவோ சிறிய வெள்ளை நட்சத்திரங்களாகக் கொத்தாக இருக்கும். மணத்தக்காளியை வற்றலாகவும் கீரையாகவும் தலைமுறை தலைமுறையாக நாம் உண்டுவருகிறோம். எனினும், பழுக்காத காயைப் பச்சையாகப் பிள்ளைகள் தின்பது நன்றல்ல. இங்கும் பருவமும் பக்குவமுமே முடிவு செய்கின்றன.

கீரை பயிரிட்டு விற்கும் நிலக்காரருக்குத் தனியே ஒரு வார்த்தை. 2022 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆஸ்திரேலியாவில், கடைகளில் பொட்டலமாக விற்ற பசலை வகைக் கீரையை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நாவறண்டு, பார்வை மங்கி, இதயம் படபடத்து, இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையை அடைந்தார்கள். விசாரித்ததில், கீரைப்பாத்தியில் களையாக முளைத்த ஊமத்தை இனத்துச் செடியின் இளந்தழை அறுவடையில் சேர்ந்து வந்தது தெரிந்தது. பொட்டலம் வாங்கியவர்கள் பெயர் தெரியாத எதையும் தேடிப்போனவர்களல்லர். கருவூமத்தையும் வெள்ளூமத்தையும் நம் குப்பைமேடுகளில் தாராளமாக முளைக்கின்றன. அங்கிருந்து எரு அடித்தால் விதையும் பாத்திக்கு வரும். நாற்றுப் பருவத்தில் அதன் இலையைக் கசக்கினால் வீசும் துர்நாற்றமே நல்ல அடையாளம். அறுவடைக்கு முதல்நாள் பாத்தியை ஒருமுறை நடந்து பார்த்துக் களைந்துவிட வேண்டும். தரிசுகளில் மஞ்சள் பூவோடும் முள்ளிலையோடும் நிற்கும் பிரமதண்டின் விதையும் இத்தகையதே. கடுகைப் போலவே இருக்கும் அவ்விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்திருந்ததனால் 1998 ஆம் ஆண்டில் டில்லியில் கால்வீங்கி இளைக்கும் நோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்வளவு அபாயம் இருக்குமாயின், தானே முளைக்கும் எதையும் உண்ண வேண்டாம், விதைத்த கீரையே போதும் என்று சட்டமிட்டுவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதை நான் ஒப்பவில்லை. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கூலிவேலை செய்யும் குடும்பத்தில் காசில்லாமல் கிடைக்கும் பச்சை உணவு அந்த மடிக்கீரை ஒன்றே. அதை நிறுத்தச் சொல்பவர் வேறு என்ன கொடுக்கப் போகிறார்? விஷச்செடிகளைப் பற்றி எழுதினால் தீயோருக்கு வழிகாட்டுவதாகும் என்பது வேறொரு ஆட்சேபம். தீயோருக்கு அவை முன்னமே தெரியும். தெரியாதவர்கள் குழந்தைகளும் புதுக்குடிகளுமே.

செய்யவேண்டுவது பெரிய காரியமன்று. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுகிறார். பயிரல்லாத செடிகளுக்கும் பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு புத்தகம் இருக்கட்டும். ஊரில் களை பறிக்கும் பெண்களில் மூத்தவர் இருவரையோ மூவரையோ அழைத்து, அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, உபாத்தியாயரும் மாணவர்களும் அவர்களோடு ஒருநாள் வரப்பில் நடக்க வேண்டும். கூலியைக் கொடுப்பது நிலக்காரர் பொறுப்பு. அறிவைக் கேட்டுப் பெறுகிறவர் அதற்குரியதைத் தருவதே முறை. அவர்கள் காட்டும் செடியை வேர், இலை, பூ, காய் எல்லாம் இருக்கும்படி பிடுங்கி, பழைய செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே பாரம் வைத்து, நாள்தோறும் தாளை மாற்றி ஒரு வாரத்தில் உலர்த்தலாம். கெட்டித்தாளில் ஒட்டியபின், ஊர்ப்பெயர், கிடைத்த இடம், மாதம், யார் சொன்னது, எந்த உறுப்பை எப்படிச் சமைப்பது, எப்பொழுது உண்ணலாகாது என்பவற்றை அதன் கீழே எழுதவேண்டும். இருவர் தனித்தனியே ஒரே மாதிரி சொன்னால்தான் ‘உண்பது’ என்று எழுதலாம். இருவரும் மாறுபட்டால் ‘உண்ணாதது’ என்றே எழுதிவைக்க வேண்டும்.

சாஸ்திரப் பெயர் தெரியாவிட்டால் கவலையில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். காம்பிள் என்பவர் 1915 ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கி, 1936 ஆம் ஆண்டில் பிஷர் என்பவரால் நிறைவெய்திய சென்னை மாகாணத் தாவர நூலும், கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியார் 1932 ஆம் ஆண்டில் தென்னிந்தியக் களைகளைப் பற்றி வெளியிட்ட கைந்நூலும், திருச்சி ராபினாட் தாவரசாலையிலிருந்து மாத்யூ பாதிரியார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரத் தொகுதிகளும் இதற்கு ஆதாரமானவை. இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது குறைதான். ஆனால் உலர்த்திய மாதிரியைக் கொண்டுபோனால், அவற்றைப் பார்த்துப் பெயர் சொல்ல வாழவச்சனூரில் உள்ள விவசாயக் கல்லூரியிலும், கோயமுத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்திலும் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. வெறும் இலையைக் கொண்டுபோய் அவர்களைத் தொந்தரவு செய்யலாகாது. கிரிவலப் பாதையில் பொட்டலமாக விற்கும் தழைப்பொடியைக் கொண்டுபோனால் அவர்களாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. முழுச்செடியாகப் பார்க்காத மூலிகையை வாங்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அந்தப் புத்தகத்தின் முதல் தாளில், ஒருவர் தவறாக எதையேனும் உண்டுவிட்டால் செய்ய வேண்டுவதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். வாயில் மிஞ்சியதைத் துப்பி, வாயைக் கொப்பளிக்கச் செய்யவேண்டும். உப்புநீர், சாணக்கரைசல், புளித்தண்ணீர் முதலியவற்றைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மயங்கியவருக்கு அது மூச்சுக்குழலில் ஏறி உயிரையே போக்கிவிடும். அடையாளம் தோன்றும்வரை காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். உண்டதில் மீதியையும், அதைப் பறித்த செடியின் ஒரு முழுக்கிளையையும் ஒரு பையில் போட்டு நோயாளியுடன் கொடுத்தனுப்ப வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு உண்டார் என்பதை ஒரு சீட்டில் எழுதி அப்பையிலேயே வைத்தால் வைத்தியருக்கு மிக உதவியாயிருக்கும். அதே பானையிலிருந்து உண்ட மற்றவர்கள், தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாலும், அவர்களையும் அதே வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.